வானம் எறிந்த கோடரிகள்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இடிக்கற்கள். மின்னல் வெட்டி இடி இடிக்கும்போது வானத்திலிருந்து மண்ணில் விழுந்தவை என்று உலகின் பல நாட்டு மக்கள் பல நூற்றாண்டுகள் நம்பிய கற்களைப் பற்றிய பேச்சு இது. தலைப்பைக் கேட்டதும் ‘மூடநம்பிக்கையைப் பற்றிப் பேச வந்திருக்கிறார்’ என்று சிலர் நினைக்கலாம். இல்லை ஐயா. அந்த நம்பிக்கைக்குள் எவ்வளவு கூர்மையான பார்வை இருந்தது என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

இதோ, மேசைமேல் மூன்று பொருள்களை வைத்திருக்கிறேன். முதலாவது ஒரு கற்கோடரி. அசல் அன்று, அசலைப் பார்த்து வார்த்த பிரதி. ஒரு கை நீளம். ஒரு முனை அகன்று, விரல் வைத்தால் வெட்டிவிடுமோ என்று தோன்றும் அளவுக்குக் கூராக இருக்கிறது. மறுமுனை ஒடுங்கியிருக்கிறது. உடம்பு முழுக்க வழுவழுப்பு. இரண்டாவது, துப்பாக்கித் தோட்டாவைப் போல நீண்டு முனை கூர்ந்த பழுப்புக் கல். மூன்றாவது உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கல். அதன் உச்சியிலிருந்து ஐந்து கோடுகள் விண்மீன் போலப் பிரிந்து கீழே இறங்குகின்றன. இந்த மூன்றையும் ஐரோப்பிய உழவர்கள் ஒரே பெயரால் அழைத்தார்கள்: இடிக்கல்.

முதலில் டென்மார்க்குக்குப் போவோம். அங்கே உழவன் வயலில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தால் வீட்டுக்குக் கொண்டுவருவான். கூரைக்கு அடியிலோ சுவர்ப் பொந்திலோ வைப்பான். ஏன்? இடி ஒருமுறை விழுந்த இடத்தில் மறுமுறை விழாதாம். விழுந்த இடியே வீட்டுக்குள் இருக்கும்போது வேறோர் இடி எப்படி வரும்? பால் வைக்கும் தட்டிலும் ஒன்றை வைத்தார்கள், பால் திரியாமல் இருக்க. கிறிஸ்டியன் பிளிங்கன்பர்க் என்ற டேனிஷ் அறிஞர் இந்த வழக்கங்களை ஊர் ஊராகத் திரட்டி நூலாக்கினார். அது 1911இல் ஆங்கிலத்திலும் வந்தது. இடி ஒரே இடத்தில் மறுபடி விழாது என்பது தவறுதான். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் ஆண்டுதோறும் இருபது தடவைக்கு மேல் விழுகிறது. ஆனால் கூரைக்குள் கோடரி செருகிய அந்த மனிதனின் தர்க்கத்தில் ஓட்டை இல்லை, அவன் எடுத்துக்கொண்ட அடிப்படையில்தான் ஓட்டை.

டென்மார்க்கோடு நின்றதா? இல்லை. இத்தாலியில் சிறிய கல் அம்புமுனைகளுக்கு வெள்ளிப்பூண் போட்டுக் கழுத்தில் அணிந்தார்கள். பெருஜியா நகரில் ஜூசெப்பே பெல்லூச்சி சேகரித்த அத்தகைய தாயத்துகள் இன்றும் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சீனத்தில் இடிக்கோடரி என்றார்கள். ஜப்பானிலும் அதே பெயர். ஜாவாவில் இடியின் பல் என்றார்கள். கானாவில் அக்கான் மக்கள் இறைவனின் கோடரி என்றார்கள். பர்மாவிலும் நாகர் மலைகளிலும் இதே நம்பிக்கை. ஒருவரை ஒருவர் பார்த்திராத மக்கள், ஒருவர் மொழி ஒருவர் அறியாத மக்கள், ஒரே கல்லைக் கையில் எடுத்து ஒரே பதிலைச் சொன்னார்கள். இது எப்படி நேர்ந்தது?

அரண்மனைகளும் இதற்கு விலக்கு இல்லை. ரோமானியப் பேரரசன் கால்பாவின் வரலாற்றை எழுதிய சூட்டோனியஸ் ஒரு செய்தி தருகிறார். ஸ்பெயினின் வடக்கே கான்டாப்ரியாவில் ஓர் ஏரியில் இடி விழுந்தது. பிறகு அங்கே பன்னிரண்டு கோடரிகள் கிடைத்தன. ரோமில் உயர் அதிகாரியின் முன்னால் பன்னிரண்டு கோடரிக்காரர்கள் நடப்பது வழக்கம். எனவே கால்பா அரசாளப் போகிறான் என்பதற்கு அது முன்னறிகுறி ஆயிற்று. 1081இல் பைசாந்தியப் பேரரசர் அலெக்சியோஸ், ஜெர்மானிய மன்னர் நான்காம் ஹென்றிக்கு அனுப்பிய பரிசுகளில் பொன்னில் பதித்த ஒரு வான்கோடரியும் இருந்தது. அலெக்சியோசின் மகள் அன்னா கொம்னேனா எழுதிய வரலாற்றில் அது பதிவாகியிருக்கிறது. உழவன் கூரையில் செருகியதைப் பேரரசன் பொன்னில் பதித்தான். நம்பிக்கை ஒன்றுதான்.

அன்பர்களே, இப்போது அந்த உழவனின் இடத்தில் நின்று பாருங்கள். உங்களுக்கு இரும்பு தெரியும். உங்கள் பாட்டனுக்கும் முப்பாட்டனுக்கும் இரும்பு தெரியும். கல்லால் கோடரி செய்த காலம் ஒன்று இருந்தது என்று உங்களுக்கு யாரும் சொன்னதில்லை. இரவு முழுக்கப் பெருமழை, இடி. விடிந்ததும் வயலுக்குப் போகிறீர்கள். மேல்மண் கரைந்தோடிய இடத்தில் நேற்று இல்லாத ஒரு கல் கழுவிவிட்டதுபோல் மின்னிக்கொண்டு கிடக்கிறது. இன்னொரு கல்லால் தட்டினால் பொறி பறக்கிறது, கருகிய வாடை வருகிறது. அது ஆயுதத்தின் வடிவில் இருக்கிறது. நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நான் அங்கே இருந்திருந்தால் இடியைத் தவிர வேறெதையும் நினைத்திருக்க மாட்டேன்.

கிடைத்தது உண்மையான இடிக்கல்தானா என்று சோதிக்கவும் அவர்களிடம் ஒரு முறை இருந்தது. கல்லைச் சுற்றி ஒரு நூலை இறுக்கிக் கட்டி, தீயில் காட்டுவார்கள். நூல் எரியாவிட்டால் அசல். எரிந்தால் போலி. மாயம்போல் தோன்றுகிறதா? வழுவழுப்பான, அடர்த்தியான கல்லில் நூல் இறுக ஒட்டியிருந்தால், நூலுக்கு வரும் வெப்பத்தைக் கல் இழுத்துக்கொள்கிறது. நூல் தீப்பற்றும் சூட்டை எட்டுவதற்கு நேரமாகிறது. சொரசொரப்பான கல்லில் நூல் சரியாக ஒட்டாது, எரிந்துவிடும். ஆகவே அந்தச் சோதனை உண்மையாகவே ஒன்றைப் பிரித்துக் காட்டியது, நன்கு தேய்த்து மெருகேற்றிய கல்லையும் மெருகேறாத கல்லையும். கல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியவில்லை.

உழவர்கள் இப்படி. படித்தவர்கள் என்ன சொன்னார்கள்? கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த மூத்த பிளினி, தம் இயற்கை வரலாற்றின் 37ஆம் நூலில் கோடரியை ஒத்த இடிக்கற்களைக் குறிப்பிடுகிறார். பின்வந்த அறிஞர்களோ அதற்கு ஒரு கோட்பாடே கட்டினார்கள். பூமியிலிருந்து எழும் ஆவியும் தூசும் மேகத்துக்குள் திரண்டு, மின்னலின் சூட்டில் வெந்து கல்லாகி விழுகின்றன என்றார்கள். கேட்பதற்கு அறிவியல்போலவே இருக்கிறது. அதில் வட ஐரோப்பியரின் இடித்தெய்வமான தோர் இல்லை, அவன் சுத்தியலும் இல்லை.

ஆனால் பதினேழாம் நூற்றாண்டில் அட்ரியான் டோலியஸ் என்பவர் அந்தக் கற்களில் சிலவற்றைப் படம்போட்டுக் காட்டும்போது ஓரிடத்தில் தடுமாறி நின்றார். அந்தக் கற்களில் துளை இருந்தது. மேகத்தில் வெந்த கல் உருண்டையாக அல்லவா இருக்க வேண்டும்? துளை எப்படி வரும்? அந்தத் துளையும் ஒரே அகலத்தில் இல்லை, இரு வாயிலும் அகன்று உள்ளே குறுகியிருந்தது. இதை நம்புவதே கடினம் என்று அவர் எழுதினார். இன்று நமக்குத் தெரியும். மணலையும் நீரையும் இட்டு, ஒரு குச்சியைச் சுழற்றி, முதலில் இந்தப் பக்கமிருந்து பாதி, பிறகு அந்தப் பக்கமிருந்து பாதி என்று துளைத்தால் துளை அப்படித்தான் அமையும். கைப்பிடி செருகுவதற்காக ஒரு மனிதன் நாள்கணக்கில் உட்கார்ந்து போட்ட துளை அது.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். உழவன் என்ன சொன்னான்? ‘இது செய்யப்பட்ட பொருள். இது கோடரி. இதை ஒருவன் எறிந்தான்’ என்றான். அறிஞர் என்ன சொன்னார்? ‘இது தானாக விளைந்தது’ என்றார். உண்மைக்குப் பக்கத்தில் நின்றது யார்? உழவன்தான்! செய்தவன் பெயரில் மட்டுமே அவன் தவறினான். தோர் என்றான், வேறு நாட்டில் வேறு தெய்வம் என்றான். செய்தவன் அவனுடைய முன்னோனே.

இன்னொன்றும் சொன்னான் உழவன்: ‘இது இந்த மண்ணின் கல் இல்லை.’ எல்லா ஊரிலும் அது சரியென்று சொல்ல மாட்டேன். ஆனால் சில இடங்களில் எவ்வளவு சரி என்று பாருங்கள். பிரான்சின் பிரிட்டனி கரையிலும் இங்கிலாந்திலும் கண்ணாடிபோல் மெருகேறிய பச்சைக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன. ஜேடைட் என்ற கல். அது அந்தப் பகுதிகளில் எங்கும் விளைவதில்லை. எங்கிருந்து வந்தது? 2003இல் பியர் பெத்ரெகினும் அவர் துணைவியாரும் இத்தாலிய ஆல்ப்ஸில் மோன்டே வீசோ மலையில், ஈராயிரம் மீட்டருக்கும் மேலே, கற்கால மனிதர்கள் கல் எடுத்த இடங்களைக் கண்டுபிடித்தார்கள். பல ஆண்டுகள் மலையேறித் தேடிய பிறகு கிடைத்த இடம் அது. கான்டர்பரி அருகே கிடைத்து, இப்போது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கோடரி அங்குள்ள எந்தப் பாறையிலிருந்து பெயர்க்கப்பட்டது என்றுகூடப் பொருத்திக் காட்டிவிட்டார்கள். வானத்திலிருந்து வரவில்லை. ஆனால் மேகம் தவழும் மலையிலிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. ‘இது நம் ஊர்க் கல் இல்லை’ என்ற உழவனின் கண்ணுக்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

இவை மனிதன் செய்தவை என்ற உண்மையைத் துணிந்து முதலில் சொன்னவர்களில் ஒருவர் போப்பாண்டவரின் மருத்துவர். பெயர் மிக்கேலே மெர்காட்டி. வத்திக்கானின் கனிமச் சேகரத்தை அவர்தான் பார்த்துக்கொண்டார். ஐரோப்பாவின் இடிக்கற்கள் ஒரு பக்கம். கடல்கடந்து புது உலகமான அமெரிக்காவிலிருந்து பரிசாக வந்த கல் ஆயுதங்கள் ஒரு பக்கம். இரண்டையும் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. இரும்பு அறியாத காலத்து மக்கள் சக்கிமுக்கிக் கல்லைச் சில்லுச் சில்லாகத் தட்டிச் செய்தவை இவை என்று எழுதினார். 1593இல் இறந்தார். அவர் நூல் அச்சேறியது எப்போது தெரியுமா? 1717இல். நூற்றிருபத்து நான்கு ஆண்டுகள் அந்த உண்மை கையெழுத்துப்படியாகவே கிடந்தது!

அடுத்து 1723. பாரிஸில் அரச அறிவியல் கழகத்தின் முன் அன்டுவான் த ஜூசியூ ஒரு கட்டுரை படித்தார். அமெரிக்கத் தீவுகளிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த கல் கருவிகளை எடுத்துக் காட்டினார். அங்குள்ளவர்கள் இதை வைத்து மரம் வெட்டுகிறார்கள், பிளக்கிறார்கள், அம்பு செய்கிறார்கள். அப்படியானால் பிரான்சிலும் ஜெர்மனியிலும் கிடைக்கும் இதே வடிவக் கற்கள் யாருடையவை? இரும்பு வருவதற்கு முன் இங்கே வாழ்ந்தவர்களுடையவை! ஐரோப்பியனின் பாட்டனும் ஒரு காலத்தில் கல்லையே கையில் பிடித்தவன் என்று அந்த அரச சபைக்கு முன்னால் சொல்லத் துணிவு வேண்டும்.

மேசைமேல் உள்ள மற்ற இரண்டு கற்களையும் மறக்கவில்லை. அந்தத் தோட்டா வடிவக் கல்லின் பெயர் பெலம்னைட். ஜெர்மானியர் அதை இடியின் ஆப்பு என்றார்கள். கணவாய் மீனின் பழைய உறவான ஓர் உயிரின் உடலுக்குள் இருந்த கெட்டியான பகுதி அது. நாட்டு மருந்துக் கடையில் ‘கடல்நுரை’ என்று விற்கிறார்களே, கணவாயின் உள்ளோடு, அதற்கு ஒருவகையில் தூரத்துச் சொந்தம். உடைத்துப் பார்த்தால் நடுவிலிருந்து விளிம்புவரை நார்நாராகக் கதிர்போல் விரியும். ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த அதே பேரழிவோடு அவற்றின் காலமும் முடிந்தது. இதைப் பார்க்க ஐரோப்பா போக வேண்டியதில்லை. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில், காரை ஊரை ஒட்டி மழை அரித்த செம்மண் ஓடைகளில் பெலம்னைட்டுகள் சிதறிக் கிடக்கின்றன. ஹென்றி பிளான்ஃபர்ட் 1861லேயே தென்னிந்தியாவின் பெலம்னைட்டுகளை ஆராய்ந்து வெளியிட்டார். ஐந்து கோட்டு உருண்டைக் கல் கடல் முள்ளெலியின் புதைபடிவம். முள்ளெல்லாம் உதிர்ந்தபின் ஓட்டில் எஞ்சிய வரிசைகளே அந்த விண்மீன். தெற்கு இங்கிலாந்தில் அதைப் பாலறையிலும் சன்னல் விளிம்பிலும் வைத்தார்கள்.

இனி நான் சொல்லப்போவது என் மனத்தை மிகவும் தொட்ட பகுதி. மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மக்களுக்கு ஷாங்கோ இடியின் தெய்வம். இடி விழுந்த வீட்டுக்கு அவருடைய பூசாரிகள் வந்து மண்ணைத் தோண்டி, ஷாங்கோ எறிந்த கல்லை எடுப்பார்கள். அது கோயிலில் கவிழ்த்து வைத்த மர உரலின்மேல், மரத் தட்டில் அமரும். அந்த மக்களை அடிமைகளாகச் சங்கிலியில் பிணைத்துக் கப்பலேற்றினார்கள். கையில் ஒன்றையும் கொண்டுபோக விடவில்லை. அட்லாண்டிக் கடந்து கியூபாவிலும் ஹெய்ட்டியிலும் பிரேசிலிலும் இறக்கினார்கள். கரும்புத் தோட்டத்தில் மண்ணைக் கொத்தும்போது என்ன கிடைத்தது தெரியுமா? வழுவழுப்பான கற்கோடரி! யார் செய்தது? கியூபா, ஹெய்ட்டித் தீவுகளில் அது பூர்வகுடிகளான தாயினோ மக்கள் செய்தது. கொலம்பஸ் வந்த சில பத்தாண்டுகளில் நோயாலும் வன்கொடுமையாலும் அவர்கள் சிதைந்து போயிருந்தார்கள். ஊர் இழந்த ஒரு மக்களின் கருவி, ஊரிலிருந்து பிடுங்கப்பட்ட இன்னொரு மக்களின் கைக்கு வந்தது. ‘நம் தெய்வம் இங்கேயும் நம்மைத் தொடர்ந்து வந்திருக்கிறது’ என்று அவர்கள் அதை எடுத்து வைத்துக்கொண்டார்கள். ஹெய்ட்டியில் தாயினோ கோடரிகள் இன்றும் வூடூ வழிபாட்டுப் பீடங்களில் எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கின்றன. இதை அறியாமை என்று ஒரு சொல்லில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. யார் கையிலும் அகப்படாமல் மண்ணோடு போயிருக்க வேண்டிய பொருளை அந்த நம்பிக்கைதான் காப்பாற்றியது.

வானத்திலிருந்து கல் விழுவதே இல்லையா என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி! 1492 நவம்பர் 7ஆம் நாள், அல்சாஸ் பகுதியில் என்சிஸ்ஹைம் என்ற ஊரின் கோதுமை வயலில், பேரிடி ஓசையோடு ஒரு கல் விழுந்தது. 127 கிலோ எடை. ஊரார் ஓடிவந்து ஆளுக்கொரு துண்டு பெயர்த்தார்கள். ஜெர்மானிய மன்னர் மாக்சிமிலியன் வந்து பார்த்துவிட்டு, கோயிலில் வைக்கச் சொன்னார். செபாஸ்டியன் பிரான்ட் என்ற கவிஞர் அதை இடிக்கல் என்றே பாடி அச்சிட்டார். இது மெய்யாகவே விழுந்த கல். விண்கல்.

ஆனால் அறிவியல் கழகங்கள் என்ன செய்தன? போலி இடிக்கற்களின் கதை அம்பலமானதும், வானத்திலிருந்து கல் விழும் என்ற பேச்சையே வெறுக்கத் தொடங்கின. 1768இல் பிரான்சின் லூசே ஊரில் கல் விழுந்ததைக் கண்ணால் கண்டவர்கள் இருந்தார்கள். பாரிஸ் கழகம் ஆராய்ந்தது. ஆராய்ந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? நவீன வேதியியலின் தந்தை லவாசியே. அது தரையில் கிடந்த கல், அதன்மேல் மின்னல் தாக்கியிருக்கும், அவ்வளவுதான் என்று அறிக்கை எழுதினார்கள். 1794இல் கிளாட்னி என்ற ஜெர்மானியர், இல்லை, விண்வெளியிலிருந்து கற்கள் வருகின்றன என்று நூல் எழுதினார். பலர் ஏற்கவில்லை. 1803 ஏப்ரல் 26. லேக்ல் என்ற ஊரில் பட்டப்பகலில் ஏறத்தாழ மூவாயிரம் கற்கள் பொழிந்தன. இளம் அறிஞர் ழான் பத்தீஸ்த் பியோ நேரில் அனுப்பப்பட்டார். அவர் என்ன செய்தார்? ஊர் ஊராக நடந்தார். உழவர்களையும் பாதிரிமார்களையும் பெண்களையும் தனித்தனியாகக் கேட்டார். அவர்கள் சொன்னவை ஒன்றோடொன்று பொருந்தின. கற்கள் சிதறிய பரப்பை வரைபடமாக்கினார். அந்த அறிக்கைக்குப் பிறகு மறுத்தவர்கள் வாயடைத்தார்கள். உழவன் சொல்லைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஓர் அறிஞர் வேண்டியிருந்தது, கிடைத்தார்!

மின்னலும் ஒரு கல்லைச் செய்யத்தான் செய்கிறது. மணல்மேட்டில் மின்னல் பாயும்போது அந்த வெப்பத்தில் மணல் உருகிக் கண்ணாடிக் குழாயாக உறைகிறது. சார்லஸ் டார்வின் பீகிள் கப்பல் பயணத்தில் உருகுவே நாட்டு மால்டோனாடோ அருகே மணல் குன்றுகளில் இவற்றைக் கண்டு விரிவாக எழுதியிருக்கிறார். வெளிப்புறம் சொரசொரப்பு, மணல் ஒட்டியது. உட்புறம் பளபளக்கும் கண்ணாடி. கனமோ தாள் அட்டை அளவுதான், தொட்டால் உடையும். உண்மையான இடிக்கல் இதுதான். பாருங்கள், இதை யாரும் கூரையில் செருகவில்லை, பொன்னில் பதிக்கவில்லை!

கடைசியாக நம் ஊருக்கு வருகிறேன். ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். இந்தியத் தொல்வரலாற்று ஆய்வு அங்கேதான் தொடங்கியது என்பது நீங்கள் அறிந்ததே. அவர் பின்னாளில் ஏற்காட்டில் குடியிருந்தார். அந்தச் சேர்வராயன் மலையில், தேய்த்து மெருகேற்றிய புதிய கற்காலக் கோடரிகளை மலைவாழ் மக்கள் சிறு பிள்ளையார் கோயில்களில் வைத்து வணங்கினார்கள். அங்கே அது இடி இல்லை, சாமி. ஜவ்வாது மலையிலும் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்து ஊர்களிலும் மரத்தடியில் மஞ்சளும் குங்குமமும் பூசிய கற்கோடரிகளை ஆய்வாளர்கள் இன்றும் பார்க்கிறார்கள். ஃபூட் திரட்டிய கருவிகள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மாணவர்கள் ஒருமுறையாவது போய்ப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கோயிலில் அப்படி ஒரு கல்லைக் கண்டால் அதை எடுத்துக்கொண்டு வராதீர்கள். அது அந்த ஊரின் சாமி. பூசாரியிடம் அனுமதி கேட்டு, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். ஊர்ப் பெரியவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: தாத்தா, இதை முதலில் எடுத்தது யார்? எந்தக் காட்டில்? ஏர் உழும்போதா, கிணறு வெட்டும்போதா? கூடவே பானை ஓடு, சாம்பல் ஏதாவது இருந்ததா? அவர் சொல்வதை அவர் சொன்னபடியே, நாள் போட்டு எழுதுங்கள். அதன் ஒரு படியை மாவட்ட அருங்காட்சியகக் காப்பாட்சியருக்கு அனுப்பிவையுங்கள். கோடரி கோயிலிலேயே இருக்கட்டும். அது எங்கே கிடைத்தது என்பது அந்தப் பெரியவரின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது, அவருக்கோ வயதாகிவிட்டது. வரும் விடுமுறையிலேயே போங்கள்.